தொட்டிக்குள் யார் இறங்குவது

எட்டு வாரத்தில் ஏழு தடவை சாயப்பட்டறைத் தொட்டிக்குள் இறங்கியவள் இவள்தான். சனிக்கிழமைதோறும் தொட்டியைக் கழுவ வேண்டும். ஒருத்தி உள்ளே இறங்கி, அடியில் படிந்ததைச் சுரண்டுவாள். மற்றவள் மேலே நின்று தண்ணீர் ஊற்றுவாள். இவளும் இவளுடைய அண்ணன் மனைவியும்தான் அந்த வேலைக்கு. யார் இறங்குவது என்பதற்கு, ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்த இரும்பு வாஷர் ஒன்றைக் காசு போலச் சுண்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பெயிண்ட் பக்கம் மேலே வந்தால் அண்ணி, வெறும் இரும்பு மேலே வந்தால் இவள். தொட்டியின் நெடியில் இவளுக்கு இருமல் பிடித்து ஒரு மாதமாகிறது.

அந்தச் சனிக்கிழமை மதியம் பாய்லர் பழுதாகி வேலை நின்றது. இவளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, பெயிண்ட் அடிச்சது நீங்கதானே? அந்தப் பக்கம் கனம். அதான் எப்பவும் அதுவே கீழ போகுது."

"அடிப்பாவி! உன்னை ஏமாத்தியா நான் பிழைக்கணும்? இந்தா, நீயே சுண்டு. நான் சுவத்துல கோடு போடுறேன்."

பத்தில் ஏழு இரும்பு.

"பாத்தீங்களா!"

"பத்தோட நிறுத்தாதடி."

நூறில் ஐம்பத்தாறு. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, சாக்பீஸால சுவத்துக்கு வெள்ளையடிக்கிறீங்களா?"

இவள் காதில் வாங்கவில்லை. கோபம் எப்போதோ போய்விட்டது. அடுத்து என்ன வரும் என்கிற ஆசைதான் கையை இழுத்தது. கட்டைவிரல் வீங்கும்வரை சுண்டினாள். ஆயிரத்தில் இரும்பு ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

இவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேடிக்கையா இருக்கு அண்ணி. பத்துல நாலுதான் வித்தியாசம், இப்ப ஆயிரத்துல இருபத்துநாலு. ஆனாலும் பாதிக்குப் பாதின்னுதான் தோணுது. முதல்ல கூடுதலா விழுந்த இரும்பை வாஷர் ஈடு கட்டல. பின்னால வந்த கூட்டத்துல அது காணாமப் போச்சு."

"அப்ப நான் திருடி இல்லதானே?"

"இல்ல. வாஷர் யோக்கியம்தான்." இருமல் வந்து பேச்சை நிறுத்தியது. அடங்கியதும் கேட்டாள்: "ஆனா பாதிக்குப் பாதி ஆக ஆயிரம் சனிக்கிழமை வேணும்னா, அது எத்தனை வருஷம் அண்ணி?"

அண்ணி விரல்விட்டுப் பார்த்தாள். "பத்தொன்பது சொச்சம்."

"அதுவரைக்கும் என் நெஞ்சு தாங்குமா?"

அண்ணி கையுறையை மாட்டிக்கொண்டு ஏணியைத் தொட்டிக்குள் இறக்கினாள்.

"உன் இருமல் நிக்கிற வரைக்கும் நானே இறங்குறேன். அப்புறம் ஒரு வாரம் நான், ஒரு வாரம் நீ. சுண்டுற வேலையே வேண்டாம்." பாதி ஏணியில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி முழிக்கிற? தண்ணியைக் கொண்டா. தலையில மட்டும் கொட்டிடாத."