விரலுக்கே கழன்ற போல்ட்டுகள்

"நீ அவன்கிட்ட கேட்கக் கூடாது, ஒமைரா."

"நான் கேட்கலைன்னா வேற யாரு கேட்பா? கூடப் பொறந்தவங்க கிட்னி பொருந்தத்தான் வாய்ப்பு அதிகம்னு டாக்டர் சொல்லலையா?"

"சொன்னாங்க. ஆனா என் தம்பியை எனக்குத் தெரியும். இல்லைன்னு சொல்ல வராது அவனுக்கு. அப்படிப்பட்டவன்கிட்ட போய்க் கேட்கிறது, அவன் சட்டைப் பையில கை விட்டு எடுக்கிற மாதிரி. ரெண்டு சின்னப் பொண்ணுங்களை வெச்சிருக்கான். அவனா வந்து சொல்லட்டும்."

"அவரா சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா சொல்லலை. எனக்குத் தம்பியாவே இருந்துட்டுப் போகட்டும்."

காப்பி பூத்திருந்த நாட்களில் ஒமைராவுக்கும் அவள் கணவன் அர்சேசியோவுக்கும் நடந்த பேச்சு அது. இப்போது செடிகளில் பழம் சிவந்துவிட்டது. ஒமைரா கேட்கவில்லை. தம்பி கில்தார்தோவும் தானாகச் சொல்லவில்லை. வாரம் தவறாமல் மேட்டைத் தாண்டி வருவான். ஒரு தார் வாழைக்காயை இறக்கி வைப்பான். "என்ன முதலாளி, இன்னிக்கும் நாற்காலியிலதானா?" என்று அண்ணனைச் சீண்டுவான். நோயைப் பற்றி வாயே திறக்காமல் போய்விடுவான்.

இன்று அவன் வந்தது ஜீப்புக்காக.

மழையில் மலை சரிந்து நகரத்துக்குப் போகும் சாலையை மூடிவிட்டது. பஸ் இல்லை. சந்தைக்குப் போன ஊர் ஜீப்புகள் எல்லாம் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. மலை முகட்டைச் சுற்றிப் போகும் சேற்றுத் தடம் மட்டும் மிச்சம். அதில் ஏறக்கூடியது இவர்களுடைய பழைய ஜீப் ஒன்றுதான். அர்சேசியோவை டயாலிசிஸுக்கு அதில்தான் அழைத்துப் போனாள் ஒமைரா. பாதி வழியில், என்ஜின் எண்ணெய் குறைந்ததைக் காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்தது. இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் கறுப்பாகக் கோடு போட்டிருந்தது. கையில் இருந்த எண்ணெயை ஊற்றி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

ஒரு முறை தவறிப் போனதற்கே அவன் கால்கள் தூண் மாதிரி வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே தூங்கினான். குடிக்கத் தண்ணீர் கேட்டால் எலுமிச்சைத் துண்டைத்தான் நாக்கில் வைக்க முடிந்தது. "நாளைக் காலையில எப்படியாவது கொண்டு வந்துடுங்க, செனோரா. இனிமே தள்ளக் கூடாது," என்று போனில் நர்ஸ் சொன்ன குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

முன் சக்கரங்களை மரக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, தகரக் கொட்டகைக்குள் ஒமைராவும் கில்தார்தோவும் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார்கள். என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிற ஆயில் சம்ப்பைக் கழற்றி, அதன் விளிம்பில் கசிவைத் தடுக்கிற, நைந்துபோன கார்க் பேக்கிங்கை மாற்ற வேண்டும்.

"அண்ணி, இது போல்ட்டா பாறையா?" ஸ்பேனரோடு மல்லுக்கட்டினான் கில்தார்தோ. "உங்க மேல வந்த கோபத்தை எல்லாம் எங்க அண்ணன் இதுலதான் காட்டியிருக்கார் போல."

"என் மேல கோபமா? அதுக்கு அவருக்குத் தைரியம் ஏது?"

திண்டாடிக் கழற்றினான். எண்ணெய் கசிந்தால் இந்த மலையில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். துணி துவைக்கிற நீலச் சோப்பைக் குழைத்து விளிம்பில் பூசுவார்கள். போல்ட்டுகளை இன்னும் ஒரு திருகு இறுக்குவார்கள். மறுபடி கசிந்தால் மறுபடி சோப்பு, மறுபடி ஒரு திருகு. இறுக்க இறுக்க, ஓட்டைகளைச் சுற்றித் தகடு குழிந்து, இடையில் மேடு தட்டி, விளிம்பு முழுக்க அலை அலையாக நெளிந்திருந்தது. கசிவை நிறுத்தப் பார்த்த கையே கசிவை வளர்த்திருந்தது.

"டேய், என் வண்டியைக் குறை சொல்லாதே," வீட்டுக்குள்ளிருந்து அர்சேசியோவின் குரல் வந்தது. "உன்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட வண்டி அது."

"அதான் முதலாளி நான் இப்படி உருப்படாமப் போயிட்டேன்!"

பின்பக்கத்துப் போல்ட்டுகளுக்கு வந்தான் கில்தார்தோ. ஸ்பேனரை வைத்து ஒரே தம்மில் இழுத்தான். எதிர்ப்பே இல்லாமல் ஸ்பேனர் சுழன்று, அவன் விரல் முட்டி வண்டிச் சட்டத்தில் இடித்தது. அடுத்ததற்கு ஸ்பேனரை வைக்காமல் விரலால் தொட்டுப் பார்த்தான். போத்தல் மூடி மாதிரி திருகிக் கழன்று வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே.

"இதை யாரு அண்ணி இறுக்கினது?"

"அவர்தான். போன வாரம். நான் செய்யறேன்னு சொன்னேன், விடலை. வெளியே வந்தப்போ சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. முழு பலத்தையும் போட்டு இறுக்கிட்டேன், இனிமே ஒரு சொட்டு வராதுன்னு சொன்னார்."

கில்தார்தோ அந்தப் போல்ட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். காப்பி மூட்டையை ஒற்றை ஆளாக ஜீப்பில் தூக்கிப் போட்டவன் அவன் அண்ணன்.

சம்ப்பை வெளியே எடுத்து, விளிம்பை ஒரு மரக்கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சமமாக்கினான். ஒட்டியிருந்த சோப்பையும் பழைய கார்க்கையும் ஒமைரா கத்தியால் சுரண்டி எடுத்தாள். புதுப் பேக்கிங் அடுப்படி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அர்சேசியோ நன்றாக இருந்த காலத்தில் வாங்கி மாட்டியது. அவள் அதைக் கொட்டகை வாசலுக்கு எடுத்து வந்து கொஞ்சம் வளைத்தாள். அடுப்புச் சூட்டில் காய்ந்து கிடந்த கார்க், பழைய ரொட்டி மாதிரி துண்டு துண்டாக உடைந்து அவள் காலடியில் விழுந்தது.

ஒமைரா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சு, கில்தார்தோ. எல்லாம் போச்சு. நாளைக்கு அவரை நான் எதுல கொண்டு போவேன்? முதுகுல சுமந்துட்டா?"

"எழுந்திருங்க அண்ணி. கெட்டியான அட்டை ஏதாவது இருக்கா?"

"எல்லாம் மழையில ஊறிப் போச்சு."

"நனையாத அட்டை ஒண்ணுகூடவா இல்லை?"

அவள் சிறிது யோசித்தாள். எழுந்து உள்ளே போனாள். கூடத்துச் சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைக் கழற்றி, கவிழ்த்து, பின்னட்டையில் அடித்திருந்த ஆணிகளைக் கத்தியால் நெம்பினாள்.

"ஏய், என்ன பண்றே?" நாற்காலியில் சாய்ந்திருந்த அர்சேசியோ கண்ணைத் திறந்தான்.

"அட்டை வேணும்."

"அப்போ இயேசுவை எங்கே வைப்பே?"

"உங்க மடியில. ரெண்டு பேரும் பேசிட்டு இருங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், உதடு நீலம் பாரித்தது. படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காற்றுக்காகத் தவித்தான். அவன் முதுகைத் தடவிய ஒமைராவின் உள்ளங்கைக்கு, விலா எலும்புகளுக்குள் ஏதோ கொழகொழவென்று கொதிப்பது தெரிந்தது. "போ," என்று கையால் சைகை காட்டினான். "வண்டியைப் பாரு."

அட்டையை விளிம்பின் மேல் விரித்து, சுத்தியலின் உருண்டைத் தலையால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனான் கில்தார்தோ. தகட்டின் கூர் பட்ட இடத்தில் அட்டை தானாக வெட்டுப்பட்டு, சம்ப்பின் வடிவம் வந்தது. ஓட்டைகளையும் அப்படியே தட்டி எடுத்தான். அதை எண்ணெயில் ஊறவைத்து, இரண்டு பக்கமும் சிலிக்கான் பசையை மெல்லிசாகத் தடவினாள் ஒமைரா.

மறுபடி அடியில் படுத்தார்கள். கில்தார்தோ சம்ப்பை நெஞ்சின் மேல் வைத்து, இரண்டு கையாலும் உயர்த்தி என்ஜினோடு சேர்த்துப் பிடித்தான். போல்ட்டு மாட்டுவது அவள் வேலை.

"மெதுவா, அண்ணி. எல்லாத்தையும் முதல்ல விரலாலயே மாட்டுங்க. நடுவுல இருந்து குறுக்கும் நெடுக்குமா வாங்க. தகடு தொட்டதும் ஒரு சின்ன இழுப்பு, அவ்வளவுதான். அண்ணன் மாதிரி மல்லுக்கட்டாதீங்க."

ஒரு போல்ட்டு நழுவி அவன் கழுத்தில் விழுந்தது. அவன் அசையவில்லை. தகரக் கூரையில் மழை கனத்தது. உள்ளே இருமல் கேட்டது, நீண்டது, சட்டென்று நின்றது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். மழை மட்டும் கேட்டது. மறுபடி இருமல் வந்ததும்தான் ஒமைரா அடுத்த போல்ட்டைத் தேடினாள்.

"நாளைக்கு நானும் கூட வரேன்," என்றான் கில்தார்தோ, என்ஜினைப் பார்த்தபடி.

அவள் கை நின்றது. "எதுக்கு?"

அவன் வாய் திறந்தது. ஏதோ சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டான். "சேத்துல வண்டி நின்னா தள்ள ஆள் வேணாமா?"

இவ்வளவுதான் இவனால் முடியும் என்று அவளுக்குப் புரிந்தது. வாழைக்காய் கொண்டு வருவான். ஜீப்பைத் தள்ளுவான். கேட்காத வரை அந்த வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருப்பான். அவன் தானாகச் சொல்வான் என்று அங்கே காத்திருக்கும் அண்ணனுக்கோ, ஒரு போல்ட்டு இறுக்கவும் தெம்பில்லை.

இப்போதே கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவன் இரண்டு கையும் சம்ப்பைத் தாங்கிக்கொண்டிருந்தது. விட்டால் எல்லாம் அவன் முகத்தில் விழும். இப்படி மாட்டிக்கொண்டவனிடம் கேட்டால், அர்சேசியோ சொன்ன மாதிரி, அது பையில் கை விடுவதுதான்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினாள். நடுவில், எதிரில், ஓரத்தில், மறுபடி எதிரில். கடைசிப் போல்ட்டு தகட்டைத் தொட்டதும் ஒரு சின்ன இழுப்பு.

"இப்போ கையை எடுங்க."

அவன் கைகளை மெல்ல இறக்கினான். சம்ப் தானாக நின்றது. விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டான். இனி அவனைப் பிடித்து வைக்க அங்கே எதுவும் இல்லை. உருண்டு வெளியே போகலாம், மேட்டைத் தாண்டி வீட்டுக்கும் போகலாம்.

"கில்தார்தோ."

"சொல்லுங்க அண்ணி."

"இல்லைன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. சொன்னாலும் உங்க அண்ணனுக்கு இது தெரியாது. அடுத்த வாரமும் நீங்க வரணும், நான் சோறு போடுவேன். அதை முதல்லயே சொல்லிடறேன்."

அவன் தலையைத் திருப்பினான். எண்ணெய்க் கறை படிந்த இரண்டு முகங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. ஒமைரா கண்ணைத் தாழ்த்தவில்லை.

"உங்க கிட்னியில ஒண்ணை அவருக்குக் குடுங்க."