பதினொன்றாம் கட்டில் பத்தியம்

செங்கம்மா பொய் சொல்கிறாள் என்பதில் வெங்கடம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. எப்படி ஏய்க்கிறாள் என்பதுதான் பிடிபடவில்லை.

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் ரோட்டோரத்தில் இருந்த இருபது கட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரி அது. பெண்கள் வார்டைப் பெருக்கித் துடைத்து, படுக்கை மாற்றி, கஞ்சி ஊற்றுவது வெங்கடம்மாவின் வேலை. பதினெட்டு வருஷ சர்வீஸ். யார் பாலில் தண்ணீர் கலந்தார்கள், யார் மாத்திரையை முழுங்காமல் ஜன்னல் வழியே எறிந்தார்கள், எந்த மருமகள் மாமியாரைப் பார்க்க வந்த சாக்கில் சினிமாவுக்குப் போனாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்பேர்ப்பட்டவளின் கண்ணில் இந்தப் பதினொன்றாம் நம்பர் கட்டில்காரி ஏழு வாரமாக மண்ணைத் தூவிக்கொண்டிருந்தாள்.

செங்கம்மா திருத்தணிப் பக்கத்துக் கிராமத்தில் கரும்பு வெட்டும் கூலிக்காரி. கூலிக்காரிக்கு இவ்வளவு பெரிய உடம்பு எங்கிருந்து வந்தது என்பதே வெங்கடம்மாவுக்கு முதல் சந்தேகம். தொப்புளுக்குப் பக்கத்தில் குடல் பிதுங்கி, தேங்காய் அளவுக்குத் துருத்திக்கொண்டு நின்றது. வியாழக்கிழமைதோறும் சித்தூரிலிருந்து வரும் பெரிய டாக்டர் கிருஷ்ணப்பா அமுக்கிப் பார்த்துவிட்டு, என்றைக்காவது அது திருகிக்கொண்டால் உயிர் தங்காது என்றார். ஆபரேஷன் செய்யத்தான் வேண்டும். ஆனால் இந்த உடம்பில் கத்தி வைத்தால் தையல் நிற்காது. இருபது பவுண்டு குறையட்டும், பிறகு பார்க்கலாம். கட்டில், கஞ்சி, ஆபரேஷன் எல்லாம் இனாம், வாயைக் கட்டுவது மட்டும் அவள் பொறுப்பு.

டாக்டருக்கே சர்க்கரை வியாதி. எட்டு வருஷமாக ஒரு துளி இனிப்பு தொட்டதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார், காப்பியைக் கஷாயம் மாதிரிக் குடிப்பார். அப்படியும் வியாதி ஏறிக்கொண்டே போனதால், பலகாரத்தில் வெல்லம் கலக்கிறான் என்று சந்தேகப்பட்டு, போன மாசம் வீட்டுச் சமையல்காரனை நிறுத்திவிட்டார். வாயைக் கட்டத் தெரியாதவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

ஏழு வாரத்தில் செங்கம்மாவிடம் மூன்று பவுண்டுதான் குறைந்திருந்தது.

அதை நிறுப்பதே ஒரு கூத்து. ஆஸ்பத்திரித் தராசு இருநூறு பவுண்டுக்கு மேல் காட்டாது. அதனால் வாரம் ஒரு தரம் அவளை எதிரே இருந்த வெல்ல மண்டிக்கு நடத்திப் போய், மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்ற வேண்டும். மண்டி ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். "எந்த ஊரு வெல்லம் இது?" என்று ஒருத்தன் கேட்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். செங்கம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்ப்பாள். அந்த நேரம் மட்டும் வெங்கடம்மாவுக்கு அவள்மேல் இரக்கம் வரும். எடையைச் சொன்னதும் இரக்கம் போய்விடும்.

"சர்க்கார் கட்டில்ல படுத்துக்கினு திருட்டுத்தனமா துன்னா எப்டி?" என்பார் குமாஸ்தா சம்பத். "ஜொரத்துல கெடக்கறவங்க வராண்டாவுல பாய் போட்டுக்கினு கீறாங்க. இவ வாய இவ கட்ட மாட்டா, இவளுக்காக ஊரு வரி கட்டணுமா?"

வெங்கடம்மாவுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. சம்பத் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஆந்திராவோடு இருந்த எல்லைத் தகராறு தீர்ந்து, ஏப்ரல் ஒன்றாம் தேதி செங்கம்மாவின் ஊர் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது. அதற்குள் ஆபரேஷன் முடிவாகாவிட்டால் கட்டிலைக் காலி செய்துகொண்டு மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போகட்டும். அங்கே அவளுக்கு ஒரு நாதியும் கிடையாது. பஸ் குலுக்கலுக்கு அந்தக் குடல் தாங்குமா என்பதைப் பற்றி சம்பத் ஒன்றும் சொல்லவில்லை.

"யாரோ உள்ள கொண்டாந்து குடுக்கறாங்க" என்றார் டாக்டர் வெங்கடம்மாவிடம். "ஆளைக் கண்டுபிடி. வெளியாளா இருந்தா இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. நம்ம ஆளா இருந்தா வேலை போச்சு."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள் வெங்கடம்மா. வருகிறவர்களின் பையைக் கொட்டிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு வந்த செங்கம்மாவின் புருஷன் துலுக்காணத்தை நிறுத்தி, தலைப்பாகையை அவிழ்க்கச் சொன்னாள். அதில் ஒரு பீடிக்கட்டுதான் இருந்தது. தூங்குகிறவளின் வாயைக்கூட மோந்து பார்த்தாள். நெய்யும் பச்சைக் கற்பூரமும் மணத்தன. பெருமாள் வாசனை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். செங்கம்மா காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி, சாயங்காலம் மோர் குடிப்பாள். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, "அவ்ளோதாங்க்கா" என்பாள். அந்த முகத்தில் கொஞ்சமாவது திருட்டு முழி இருக்கக் கூடாதா?

சனிக்கிழமை மட்டும் வேவு பார்ப்பதற்குக் கொஞ்சம் ஓய்வு. அன்று திருமலையில் சத்திரத்து வேலையில் இருந்த தம்பி ஏழுமலை, ஓலைப்பெட்டி நிறைய லட்டும் பொங்கலும் பஸ்ஸில் கொடுத்தனுப்புவான். வெங்கடம்மா கைகால் கழுவிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்க் கொடுப்பாள். மற்ற நாட்களிலும் மலையிலிருந்து இறங்கி வரும் உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒரு லட்டோடு வந்து பார்ப்பார்கள். சாமி சமாச்சாரம் அது, பத்தியத்தோடு அதைச் சேர்க்க யாருக்குத் தோன்றும்?

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பதினொன்றாம் கட்டிலின் காலில் எறும்பு வரிசை ஏறிப் போவதை வெங்கடம்மா கண்டாள். தலையணையைத் தூக்கினாள். ஒரு துணி முடிச்சு, அதற்குள் எட்டுப் பத்துத் துண்டு லட்டு.

"மாட்னியா! இன்னாமே இது?"

செங்கம்மா பதறவேயில்லை. "பிரசாதம்க்கா."

"இம்மாம் பெரிய மூட்டையா?"

"அல்லாம் நீ குடுத்ததுதான். கமலம்மாவுக்கு வயித்தால போவுது, சென்னம்மாவுக்கு ஜொரம். அவங்களால முடியல. கண்ணுல ஒத்திக்கினு என்னாண்ட குடுத்துடுவாங்க. கீய போட்டா கால்ல படும், பாவம். சாமி குடுத்தத வேணான்னா என் வயிறு நேராவுமாக்கா? ஒண்ணொண்ணா வாயில போட்டுக்கினு வரேன்."

"டாக்டராண்ட ஒண்ணுமே துன்னலன்னியே!"

செங்கம்மா நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "துன்னலியே. பிரசாதத்தப் போயி துன்னறதுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

வெங்கடம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வார்டில் பாதிப் பேர் எதையும் சாப்பிட முடியாதவர்கள். அத்தனை பேர் பங்கும் இந்த ஒரு வயிற்றுக்குள் போயிருக்கிறது. துலுக்காணத்தின் தலைப்பாகையை அவிழ்க்கச் சொன்னோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்ததாக வேலையின் ஞாபகம் வந்து பயம் பிடித்தது. புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது இந்த வேலை ஒன்றுதான். புதன்கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை. செங்கம்மா காட்டிக்கொடுக்க மாட்டாள். காட்டிக்கொடுக்க ஏதோ இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாதே.

வியாழக்கிழமை மண்டித் தராசில் இன்னொரு பவுண்டு குறைந்திருந்தது. ஆக மொத்தம் நாலு.

டாக்டர் வந்தார். வழக்கம்போல வெங்கடம்மா அவருக்கென்று எடுத்து வைத்திருந்த லட்டை நீட்டினாள். வழக்கம்போல அவர் பூட்ஸைக் கழற்றி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாயில் போட்டுக்கொண்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து எடைச் சீட்டைப் பார்த்தார்.

"நாலு பவுண்டு! நிஜம் செப்பம்மா, என்ன சாப்பிட்ட?"

"கஞ்சிதான் சாமி. வேற ஒண்ணும் துன்னல."

"சர்க்கார் உனக்குக் கட்டில் குடுக்கும், கஞ்சி குடுக்கும். உன் வாய்க்குப் பூட்டு போடறது சர்க்கார் வேலை இல்ல."

சம்பத் தயாராக வைத்திருந்த டிஸ்சார்ஜ் காகிதத்தை நகர்த்தினார். டாக்டர் பேனாவைத் திறந்தார். செங்கம்மா இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கே போவணுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை வெங்கடம்மாவால் தாங்க முடியவில்லை.

"தொர, நாந்தான் குடுத்தேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "நீயா? என்னத்தக் குடுத்த?"

"இப்ப உங்க கையில குடுத்தனே, அதான்."

"அது பிரசாதம்!" என்றார் டாக்டர் சட்டென்று.

"அவளும் அதாங்க சொல்றா."

டாக்டரின் நாக்கு கடைவாயில் எதையோ துழாவியது. ஏலக்காய்த் தோலாக இருக்கும். "எனக்கு எத்தனை வருஷமா குடுக்கற?" என்று கேட்டார்.

"நீங்க இங்க வந்த நாள்லேந்து. எட்டு வருஷம் ஆச்சுங்க."

காகிதத்தை அவர் நாலாகக் கிழித்தார். வேறொரு தாளில், ஆபரேஷன் முடிகிற வரை பதினொன்றாம் கட்டிலைக் காலி செய்யக் கூடாது என்று எழுதித் தேதி போட்டார்.

"சார், நாளைக்கு அவ ஊரு மெட்ராஸ்..." என்று இழுத்தார் சம்பத்.

"நாளைக்குத்தானேய்யா. இது இன்னிக்கித் தேதி." பூட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்தார். வெங்கடம்மாவின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே, நிறுத்திய சமையல்காரனைத் திரும்பக் கூட்டிவர ஆள் அனுப்பினாராம், சம்பத் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து, சாப்பிட முடியாதவர்களின் பங்கை வெங்கடம்மாவே திரும்ப வாங்கி, ரோட்டில் மலைக்கு நடந்து போகிறவர்களுக்குக் கொடுத்தாள். செங்கம்மாவுக்குத் துளசி மட்டும்தான். ஏப்ரல் முழுக்க எடை இறங்கிக்கொண்டே வந்தது. மண்டி ஆட்களுக்கும் கேலி அலுத்துப்போனது. மே மாதம் இரண்டாம் வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. தையல் நின்றது.

அன்று வேலையை முடித்துக்கொண்டு வந்த டாக்டர் கையைக் கழுவித் துடைத்தார். வெங்கடம்மா இரண்டு துளசி இலையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு மென்றார். முகத்தில் கொஞ்சம்கூடத் திருட்டு முழி இல்லை.

நாற்காலிக்குக் கீழே இருந்த அவருடைய தோல் பையைச் சுற்றி எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. வெங்கடம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே பெருக்க ஆரம்பித்தாள்.