வியாழக்கிழமைச் சண்டைத் தாள்

அந்த ஊரில் புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவதற்கு அரசாங்கமே தாள் அச்சடித்துக் கொடுத்தது. மாதம் இரண்டு வியாழக்கிழமை, மாலை ஏழிலிருந்து ஏழே கால் வரை, எல்லா வீட்டிலும் ஒரே சண்டை. இடது பத்தியை மனைவி வாசிப்பாள், வலது பத்தியைக் கணவன். பன்னிரண்டாவது வரியில் மனைவி ஒத்துப்போவாள். அதற்கடுத்த வரியில் இருவரும் மிதமாகச் சிரிக்க வேண்டும். தாளில் இல்லாத சண்டையைப் போட்டுப் பிடிபட்டால் நாற்பது நாள் சமாதானப் பயிற்சி, அதுவும் ஆளுக்கொரு கட்டடத்தில்.

அந்தத் தாள்களை எழுதுகிறவளைப் பற்றித்தான் இந்தக் கதை. இல்லற அமைதி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், பதினோரு வருஷமாக அவள் ஊருக்கே சண்டை எழுதிக்கொண்டிருந்தாள். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டது, பற்பசை மூடியைத் தொலைத்தது, விளக்கை அணைக்காமல் கிளம்பியது. அவ்வளவுதான் அனுமதிக்கப்பட்ட விஷயங்கள். துண்டை மட்டும் நாற்பது விதமாகப் பிழிந்திருந்தாள். பாவம் அக்கம்பக்கத்துக்காரர்கள். சுவரில் காதை வைத்தால் தங்கள் வீட்டுத் துண்டே பக்கத்து வீட்டிலும் கேட்கிறது. வம்புக்கு ஒரு வாய் கிடைக்காமல் ஊரே இளைத்துப்போயிருந்தது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்ட் எந்த மாடியில் முனகும் என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார். வீட்டுக்குள் வந்தால் "ம்", "சரி", "பாக்கலாம்" ஆகிய மூன்றை வைத்தே குடும்பம் நடத்துகிறவர்.

திங்கட்கிழமை காலை நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, நீங்க சம்மதிச்சிட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரு. ரொம்ப தேங்க்ஸ் அண்ணி. ஞாயித்துக்கிழமை பெட்டியோட வந்துடறேன். எனக்கு அந்தச் சின்ன ரூமே போதும்."

"சரி" என்று போனை வைத்தவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சம்மதமா? எப்போது கேட்டார்? யாரிடம் கேட்டார்? அந்தச் சின்ன ரூம்தான் அவளுக்கென்று இருந்த ஒரே இடம். தையல் மெஷினும் ஒரு நாற்காலியும் போட்டு வைத்திருந்தாள். நாலு வருஷம் முன்பு நாத்தனார் பத்து நாள் வந்து தங்கியபோது அந்த மெஷின் பால்கனிக்குப் போய், மழையில் நனைந்து, துருப்பிடித்துத் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்டாக வேண்டும். எப்படிக் கேட்பது? தனிச் சண்டைக்கு மனுப் போட்டால் அனுமதி வர ஆறு மாதம் ஆகும். ரகசியமாகக் கேட்கலாமென்றால் வாசலில் டிக் அக்கா.

டிக் அக்கா அவர்கள் குடியிருந்த மாடியின் பொறுப்பாளர். சண்டை ஒழுங்காக நடந்ததா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டு டிக் போடுவது அவள் உத்தியோகம். மற்ற நாட்களில் சும்மாவே நின்று கேட்பாள், அது அவள் சுபாவம்.

கடைசியில் தாள் எழுதுகிறவள் செய்தது இதுதான். செவ்வாய்க்கிழமை ஆபீசில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தன் சண்டையை மனம்போல எழுதித் தீர்த்தாள். இடது பத்தி நிரம்பி வழிந்தது. வலது பத்திக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஊரிலுள்ள புருஷன்களுக்கெல்லாம் பதில் எழுதியவளுக்குத் தன் புருஷன் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டாள். மனசு லேசானது. டீ குடிக்கப் போனாள்.

அவள் திரும்புவதற்குள் அதிகாரி வந்து மேஜையிலிருந்த தாளுக்கு முத்திரை குத்தி அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். படித்துப் பார்க்க மாட்டாரா என்று கேட்காதீர்கள். எதற்குப் படிப்பார்? பதினோரு வருஷமாகத் துண்டுதானே! அச்சகத்திலும் முத்திரையைத்தான் பார்த்தார்கள். மேஜையில் தாள் இல்லாததைக் கண்ட அவளோ, கூட்டுகிறவள் குப்பையில் போட்டிருப்பாள் என்று நிம்மதியாக இருந்துவிட்டாள்.

வியாழக்கிழமை. ஏழு மணி. உறையைப் பிரித்த லிஃப்ட் மெக்கானிக் அவள் பிரதியை நீட்டினார். முதல் வரியைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது, குப்பைக்குப் போனதாக நினைத்த அதே தாள். ஆனால் கதவுக்கு வெளியே டிக் அக்காவின் செருப்புச் சத்தம். வாசிக்காவிட்டால் குற்றம்.

வாசித்தாள். "என்னை ஒரு வார்த்தை கேக்காம உங்க தங்கச்சியை வரச்சொல்ல நீங்க யாரு?" முதலில் முணுமுணுப்பாகத்தான் வாசித்தாள், மூன்றாவது வரியில் குரல் உயர்ந்தது. ஐந்தாவது வரியில் பக்கத்து வீட்டிலிருந்தும் அதே வரி கேட்டது. மாடி வீட்டிலும் கேட்டது. "என் தையல் மெஷின் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர்களெல்லாம் உருகினார்கள்.

பிறகு ஊரே கப்சிப். புருஷன்கள் தங்கள் வரியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் தாளைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என் வரியைக் காணோமே."

"எழுதல."

"ஏன்?"

"நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியல."

அவர் உட்கார்ந்தார். எழுந்தார். பக்கத்து வீட்டிலிருந்து, "எனக்குத் தங்கச்சியே கிடையாதேடி!" என்று ஓர் அலறல் கேட்டது. "அப்ப என் மெஷினை மழையில போட்டது யாரு?" என்று அந்த வீட்டம்மா விடவில்லை. மெஷினே இல்லாத வீடு அது.

"மெஷினை வெளியில வெச்சது அவ இல்ல, நான்தான்," என்றார் லிஃப்ட் மெக்கானிக் திடீரென்று. "மழை வரும்னு தோணல. அவ மேல பழி விழட்டும்னு சும்மா இருந்துட்டேன்."

"அட மனுஷா! நாலு வருஷம்!"

"அவ புருஷனுக்கு வெளியூருக்கு மாத்தல் ஆயிடுச்சு. சண்டைக்கு ஜோடி இல்லாத வீட்டைப் பூட்டி, ஆளை விடுதிக்கு அனுப்பிடறாங்க. அவ எங்க போவா?"

"இதைச் சொல்ல வாய்ல பூட்டா போட்டிருந்தீங்க? என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"எதுக்குக் கேக்கணும்? பதினோரு வருஷமா பன்னெண்டாவது வரியில நீ ஒத்துக்கிட்டுத்தானே இருக்கே? இதுக்கும் ஒத்துக்குவேன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சுரீர் என்றது. அந்த வரியை ஒவ்வொரு தாளிலும் தன் கையால் எழுதியவள் அவள்தானே!

அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. அதிகாரி.

"என்னம்மா எழுதித் தொலைச்சிருக்கே? நாளைக்குக் காலைல விளக்கம் வந்தாகணும்! எவ்வளவு தைரியம் இருந்தா..."

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: "போனை வைங்க! உங்க தங்கச்சி எடுத்துட்டுப் போன என் சூட்கேஸ் கதைக்கே நான் இன்னும் வரல!"

லைன் துண்டிக்கப்பட்டது.

ஏழே காலுக்குக் கதவு தட்டப்பட்டது. டிக் அக்கா. முகம் சிவந்து, கண்ணெல்லாம் பளபளவென்று, நல்ல விருந்து சாப்பிட்டவள் மாதிரி இருந்தாள்.

"நேரம் ஆயிடுச்சும்மா. முடிஞ்சுதா?"

"இல்லக்கா. இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம்."

"எந்த வீட்லயும் முடியலையே! நான் என்னன்னு டிக் போடுவேன்?" என்று பேனாவைக் காதில் செருகிக்கொண்டவள், குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் சத்தமா பேசுங்க, அந்த மெஷின் விஷயம் எனக்குச் சரியா கேக்கல," என்று சொல்லிவிட்டு வெளியே நகர்ந்தாள்.

தாள் எழுதியவள் கதவைச் சாத்தினாள். புருஷன் தாளை நாலாய் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப கேக்கறேன்," என்றார். "வரட்டுமா, வேணாமா? வேணாம்னா நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் திங்கட்கிழமையிலிருந்து காத்திருந்தாள். இப்போது கேட்டதும் அந்த வார்த்தை அவ்வளவு அவசரமாக வரவில்லை. கொஞ்சம் யோசித்தாள். அவர் காத்திருந்தார். அவர் காத்திருப்பது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

"நீங்க பண்ண வேணாம். நானே பண்றேன்."

நாத்தனார் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இந்தா பாரு. நான் சம்மதிக்கவே இல்ல, உங்க அண்ணன் புளுகிட்டாரு. இப்பதான் சம்மதிக்கிறேன். மூணு மாசம். சின்ன ரூம் கிடையாது, கூடத்துல படுத்துக்கோ."

நாத்தனாரும் விடவில்லை.

"மூணு மாசம் பத்தாது அண்ணி. கூடத்துல எனக்குத் தூக்கமும் வராது."

"வராதா? அப்ப ஞாயித்துக்கிழமை சீக்கிரமா கிளம்பி வா," என்றாள் அவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "நேர்லயே சண்டை போட்டுக்கலாம்."