குழிந்த மூடி

காப்புரிமை விசாரணைக்குப் போட்டுக்கொள்ள அப்பா தேய்த்து வைத்திருந்த சட்டையை அவர் உடலில் மாட்டி, மகள் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது வக்கீல் போனில் அழைத்தார்.

"அப்பா கிளம்பிட்டாராம்மா?"

"இறந்துட்டார் சார். காலையில பல்லு வெளக்கிட்டிருந்தார். அப்படியே விழுந்துட்டார்."

வக்கீல் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"தள்ளிவைக்கக் கேக்கறேன். ஆனா போன தடவையே தள்ளியாச்சு. இன்னிக்குப் பதில் சொல்லலேன்னா, அப்பா கண்டுபிடிச்ச மூடி யாருக்கும் தோணக்கூடியதுதான்னு காப்புரிமை இல்லைன்னுடுவாங்க. தொழில் தெரிஞ்சவனுக்கே தோணாதுன்னு காட்ட ஏதாவது இருக்காம்மா?"

"தெரியல சார்."

குனிந்து பார்த்தாள். பொத்தான்கள் ஒன்று மாறி ஏறியிருந்தன. எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து போட்டாள். குளியலறையில் அவருடைய பிரஷ் இன்னும் ஈரமாக இருந்தது.

சமையலறையில் பெரியப்பா அம்மாவுக்காகப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்கப் பாத்திரம் அடித்தவர். பால் பாத்திரத்தின் மேல் இருந்தது அப்பா செய்த மூடி. பெரியப்பா கேலி செய்வார் என்றே அப்பா அதை அவருக்கு மட்டும் காட்டவில்லை. நடுவில் குழிந்து, குழியின் அடியில் துளை உள்ள மூடி. பொங்கும் பால் துளைவழி ஏறி, குழியில் தங்கி, ஆறி, உள்ளேயே இறங்கிவிடும்.

"யாரு இதக் குப்புறப் போட்டது? கூறே இல்ல," என்று பெரியப்பா குழியை மேடாக்கித் திருப்பி மூடினார்.

உள்ளே வந்த மகள் வாய் திறப்பதற்குள் பால் துளைவழி சீறி, மேட்டில் வழிந்து, அடுப்பை அணைத்தது.

"நடுமண்டையில ஓட்டை வேற. எந்த மடையன் செஞ்சான் இத?"

"அப்பா."

அடுப்பைத் திருகப்போன கை அப்படியே நின்றது.

"குழி கீழ இருக்கணும் பெரியப்பா. அது உங்களுக்குத் தோணலையா?"

"குழியை உள்ள விட்டு எவன் மூடுவான்? நாங்க மேடாத்தானே அடிப்போம்..."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு வக்கீலை அழைத்தாள்.

"சார், பாத்திரம் அடிக்கறவர் ஒருத்தர் இங்க இருக்கார். இந்த மூடி அவருக்குத் தோணியிருக்குமான்னு கேளுங்க."

போனைப் பெரியப்பாவின் கையில் வைத்தாள். துணியால் மூடியைப் பிடித்துத் திருப்பிப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்தாள்.

"அவன் அண்ணன்தான் சார்," என்றார் பெரியப்பா. நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்ல சார். எனக்குத் தோணல." மூடியைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

பால் துளைவழி மேலேறி வந்தது. குழி நிறைய நின்று நடுங்கியது. பிறகு மெல்ல உள்ளே இறங்கியது.