பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் மில்லுக்காரி என்றுதான் சொல்வார்கள். கணவன் லாரி ஓட்டுகிறவன். ஒரு நடை கிளம்பினால் வாரக்கணக்கில் வீட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டான். அதனால் வீட்டை ஒட்டியிருந்த மாவு மில் அவள் பொறுப்பாயிற்று. கோதுமை, சோளம், மிளகாய் என்று எது வந்தாலும் அரைத்துக் கொடுப்பாள். கல் தேய்ந்தால் தானே கொத்திக்கொள்வாள். பெல்ட் மாற்றுவது மட்டும் கணவனின் வேலை. அதையும் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத் தனக்கு அத்துப்படி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மோட்டாருக்கும் மில்லுக்கும் நடுவே இரண்டு பெல்ட்டுகள் ஓடும். மோட்டார் பக்கம் சின்னப் புல்லி, பெல்ட் ஓடப் பள்ளம் வெட்டிய இரும்புச் சக்கரம். மில் பக்கம் ஆள் நெஞ்சு அகலத்துக்குப் பெரிய புல்லி. அன்று காலையிலிருந்தே ஒரு பெல்ட் சரியில்லை. உள்பக்கம் வெடித்து, நூல் நூலாகப் பிரிந்து, காவலுக்கு மாட்டிய கம்பிவலையில் பட்டுப் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. இன்று ஒரு பொழுதை ஓட்டிவிடலாம் என்று அவள் கேட்டும் கேட்காததுபோல் இருந்தாள். மத்தியானம், தையல்காரரின் சோளம் பாதி அரைபட்டுக்கொண்டிருந்தபோது கரண்டு போய்விட்டது.

தையல்காரருக்கு வாய் சும்மா இருக்காது. “என்னம்மா, பாதியில நிறுத்திட்டீங்க? இதுக்கு நானே வாயில போட்டு அரைச்சிருப்பேன்.”

“அதுக்குப் பல்லு வேணுமே அண்ணே,” என்றாள் அவள்.

அவர் சிரித்துக்கொண்டே, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை அனுப்பிவிட்டு உள்ளே திரும்பியவள், கரண்டு வருவதற்குள் அந்தப் பெல்ட்டை மாற்றிவிடலாமே என்று நினைத்தாள். புதுப் பெல்ட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பிவலையைக் கழற்றி வைத்தாள். பிய்ந்த பெல்ட்டைக் கத்தியால் அறுத்து எறிந்தாள். இன்னொரு பெல்ட் நன்றாகத்தான் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டாள்.

முறைப்படி செய்வதென்றால் மோட்டாரின் அடியிலுள்ள நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தி, மோட்டாரை மில் பக்கம் நகர்த்தி, பெல்ட்டைத் தொளதொளவென்று மாட்டி, பிறகு மோட்டாரை இழுத்து முடுக்க வேண்டும். மூன்று போல்ட்டுகள் அசைந்தன. நான்காவது துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்பேனரில் தொங்கிப் பார்த்தாள், அது மசியவில்லை. கணவன் அவசரத்தில் செய்கிற குறுக்குவழி ஒன்று உண்டு. போல்ட்டைத் தொடாமலே, பெல்ட்டைப் பெரிய புல்லியின் ஓரத்தில் வைத்து, புல்லியைக் கையால் உருட்டி அப்படியே பள்ளத்துக்குள் ஏற்றிவிடுவான். “அஞ்சு நிமிஷ வேலை” என்பான்.

புல்லிக்கும் பின்சுவருக்கும் நடுவே ஓர் ஆள் குந்தி உட்காரத்தான் இடம். அதில் நுழைந்து உட்கார்ந்தாள். வலது கையால் பெல்ட்டைப் பள்ளத்தில் அழுத்திக்கொண்டு, இடது கையால் புல்லியை இழுத்தாள். முதலில் நகரவே இல்லை. முழு பலத்தையும் போட்டு இழுத்தபோது சட்டென்று உருண்டது. கல்லின் கனமும் சேர்ந்துகொள்ள, நிறுத்த நினைத்த இடத்தில் அது நிற்கவில்லை. பெல்ட் பள்ளத்துக்குள் ஏறியது. அவளுடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பெல்ட்டுக்கு அடியில் போய்விட்டன.

வலி மண்டைக்குள் ஏறியது. சத்தம்கூட வரவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரல்களை உருவிப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை. இடது கையால் புல்லியைப் பின்னால் தள்ளினாள். குந்திய நிலையில், ஒற்றைக் கையில், அது மலையைத் தள்ளுவது போலிருந்தது. சரி, பதறக்கூடாது, யாராவது வருவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தலையை நிமிர்த்தினாள். அப்போதுதான் வாசல் பக்கத்துச் சுவரில் இருந்த ஸ்டார்ட்டர் கண்ணில் பட்டது.

அந்த ஸ்டார்ட்டருக்கு ஒரு கோளாறு. பச்சைப் பொத்தானை அமுக்கினால் நிற்காமல் வெளியே வந்துவிடும். அது அமுங்கியே நிற்பதற்காகக் கணவன் பழைய செருப்பு ரப்பரை வெட்டி அதன் இடுக்கில் சொருகியிருந்தான். அதனால் ஒவ்வொரு முறை கரண்டு போகும்போதும் அவள் அந்த ரப்பரை உருவிவிட்டு, பக்கத்து இரும்புப் பெட்டியிலுள்ள மெயினையும் இறக்கிவிடுவாள். இல்லையென்றால் கரண்டு திரும்பி வந்த நொடியில் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். இன்று தையல்காரரோடு பேசிய பேச்சில் இரண்டையும் மறந்திருந்தாள். ரப்பர் சொருகியபடியே இருந்தது. மெயினின் சிவப்புக் கைப்பிடி மேலேயே நின்றது.

கரண்டு இப்போது வரலாம். இந்த மூச்சை விடுவதற்குள் வரலாம். வந்தால், அவள் அறுக்காமல் விட்ட இன்னொரு பெல்ட் புல்லியைச் சுற்றும். புல்லியோடு அவள் கை போகும். புல்லிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். ஒரு கட்டைவிரல் நுழையலாம், அவ்வளவுதான். அதற்குள் கை எப்படிப் போகும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

போன் தராசின் மேல் இருந்தது. எட்டாது. “யாராச்சும் இருக்கீங்களா?” என்று கத்தினாள். மத்தியான வெயிலில் தெரு ஆளரவமின்றிக் கிடந்தது. இன்னொரு முறை கத்தினாள். பதிலுக்கு முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டு மழலையில் பேசுவது கேட்டது.

அது அவளுடைய ஓரகத்தியின் வீடு. கொழுந்தனின் மனைவி. வீட்டைப் பிரித்தபோது அந்தப் பக்கம் அவர்களுக்கு வந்தது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று நாளாகிவிட்டது. மில் ஓடினால் குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது, மத்தியானம் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சின்னவள் கேட்டாள். போகப்போகக் குழந்தைக்குப் பழகிவிடும் என்று இவள் சொன்னாள். அடுத்த வாரம் மில்லின் அதிர்வில் சின்னவளின் கண்ணாடி சுவரிலிருந்து விழுந்து உடைந்தது. வேண்டுமென்றே செய்தீர்கள் என்று அவள் சொல்ல, ஆமாம், நான் ராத்திரி பகலாய் உன் கண்ணாடியைத்தான் குறி பார்க்கிறேன் என்று இவள் சொல்ல, அதோடு முடிந்தது.

இப்போது சுவரில் பின்தலையால் இடித்தாள். “பாப்பா,” என்று கூப்பிட்டாள். சண்டைக்கு முன்னால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்தப் பக்கம் தட்டுவது நின்றது.

“என்ன வேணும்?” குரல் விறைப்பாக வந்தது. “மெஷின்தான் ஓடலையே. இப்ப சுவத்தை இடிச்சாத்தான் ஆகுமா?”

“கை மாட்டிக்கிச்சு பாப்பா. பெல்ட்டுல. மெயினை இறக்கல. கரண்டு வந்தா கை போயிடும். ஓடி வா.”

நம்பவில்லையோ என்று நினைத்தாள். பிறகு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருள்வதும், கதவு சுவரில் மோதுவதும் கேட்டது. தெருவைச் சுற்றித்தான் வர வேண்டும். நான்கு வீடு தூரம். செருப்புச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். எந்தச் சாமியிடம் என்ன வேண்டுவது என்றுகூடத் தெரியவில்லை. கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று கரண்டிடமே கெஞ்சினாள்.

சின்னவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். வெயிலிலிருந்து வந்தவளுக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. “எங்கக்கா இருக்கீங்க?”

அதே நேரம், மாவுத்தொட்டிக்கு மேலிருந்த பல்பு மங்கலாக எரிந்தது.

மோட்டார் உறுமியது.

மில்லுக்காரிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் புல்லி சுற்றவில்லை. நின்ற இடத்தில் நடுங்கியது. அந்த நடுக்கம் நசுங்கிய விரல்கள் வழியாக அவள் தோள் வரைக்கும் ஏறியது. மோட்டாருக்குப் போகிற மூன்று கம்பிகளில் இரண்டில்தான் கரண்டு வந்திருக்கிறது என்று புரிந்தது. இப்படி முன்பும் நடந்திருக்கிறது. இரண்டு பேஸில் மோட்டார் சுற்றாது, உறுமிக்கொண்டு நிற்கும். மூன்றாவதும் வந்தால் சுற்றும். அது வராவிட்டாலும், யாராவது புல்லியைக் கையால் லேசாகத் தள்ளிவிட்டால் போதும். அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிடும்.

சின்னவள் அவளைப் பார்த்துவிட்டாள். “ஐயோ அக்கா,” என்று சொல்லிக்கொண்டே நேராக அவளை நோக்கி ஓடி வந்தாள். கையைப் பிடித்து இழுக்கத்தான் வருகிறாள்.

“கிட்ட வராத,” என்று மில்லுக்காரி அலறினாள். “சக்கரத்தைத் தொடாத. தொட்டா ஓடிரும். திரும்பு. செவுத்துல இரும்புப் பெட்டி. சிவப்புக் கைப்பிடி. அதைக் கீழ இழு.”

சின்னவள் நின்றாள். அவள் இந்த மில்லுக்குள் கால் வைத்ததே இல்லை. “எது? இதுவா?” என்று ஸ்டார்ட்டர் பக்கம் கையை நீட்டினாள்.

“அது இல்ல. பக்கத்துல பெருசு.”

“ஷாக் அடிக்குமா அக்கா?”

“அடிக்காது. கைப்பிடி மரம். இழு பாப்பா.”

ஒரு கையால் இழுத்தாள். கைப்பிடி வரவில்லை. மோட்டாரின் உறுமல் கனத்துக்கொண்டே போனது. கருகும் வாடை எழுந்தது. சின்னவள் குழந்தையை மாவு சிந்திக்கிடந்த தரையில் உட்காரவைத்தாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, காலைத் தரையிலிருந்து எடுத்து, முழு உடம்பையும் அதில் தொங்கவிட்டாள். டக்கென்று கீழே வந்தது. அவளும் சேர்ந்து கீழே விழுந்தாள்.

உறுமல் நின்றது. பல்பு அணைந்தது. குழந்தை அழ ஆரம்பித்தது.

“இறங்கிடுச்சா? நல்லாப் பாரு. முழுசா இறங்கிடுச்சா?”

“இறங்கிடுச்சுக்கா.”

“ஸ்டார்ட்டர்ல ரப்பர் சொருகியிருக்கு. அதையும் பிடுங்கிடு.”

பிடுங்கினாள். பிறகு புல்லிக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். “எந்தப் பக்கம் சுத்தணும்?”

மில்லுக்காரிக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. தப்பான பக்கம் சுற்றினால் விரல்கள் இன்னும் உள்ளே போகும். எந்தப் பக்கம் இழுத்தபோது மாட்டியது என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க இடது எது, வலது எது என்பதே குழம்பியது. கடைசியில் கண்ணை மூடி, இடது கை எப்படி இழுத்தது என்று காற்றில் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள்.

“கீழயிருந்து மேல. உன் மூஞ்சிப் பக்கம். மெதுவா.”

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். புல்லி முனகியது, ஒரு சாண் நகர்ந்தது. பெல்ட் பள்ளத்திலிருந்து எழும்பியது. விரல்கள் வெளியே வந்தன. ரத்தமே இல்லாமல், தட்டையாக, வேறு யாருடைய விரல்களோ போலிருந்தன. கொஞ்சம் கழித்துத்தான் ரத்தம் வந்தது.

அவளை இழுத்து வெளியே உட்காரவைத்து, சின்னவள் தன் துப்பட்டாவை அந்தக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போது எதிர்ச் சலூனில் ரேடியோ உரக்கப் பாட ஆரம்பித்தது. தெரு முழுக்க மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம் எழுந்தது. கரண்டு முழுதாக வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி மோட்டாரைப் பார்த்தார்கள். அது பேசாமல் இருந்தது. மில்லுக்காரி அதுவரை அழவில்லை. அப்போதுதான் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நடுவிரல் நுனியில் எலும்பு விரிந்திருந்தது. ஒரு நகம் போயிற்று. கை பிழைத்தது. போனில் கணவனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் முதலில் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டான். பிறகு, “அந்த ரப்பரைச் சொருகினவன் நான்,” என்றான். ஏற்றியிருந்த சரக்கை வேறொரு வண்டிக்கு மாற்றிவிட்டு வந்து சேர்ந்தான். வந்ததும் முதல் வேலையாகப் பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றித் தெருவில் எறிந்துவிட்டுப் புதிது மாட்டினான். மெயின் பெட்டிக்கு ஒரு பூட்டும் வாங்கினான்.

ஆனால் மில்லுக்காரியால் மில்லுக்குள் போக முடியவில்லை. வாசல் வரை போவாள், கால் நின்றுவிடும். வீட்டில் பிரிட்ஜ் உறுமத் தொடங்கினால்கூடக் கையை அக்குளுக்குள் ஒளித்துக்கொள்வாள். இதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒருநாள் கட்டு மாற்றிவிட வந்த சின்னவள் தானாகவே சொன்னாள்: “எனக்குத் தூக்கத்துல அந்தச் சத்தம் கேக்குதுக்கா. கைப்பிடி வரமாட்டேங்குது.”

“எனக்கும்,” என்றாள் மில்லுக்காரி. அதைச் சொன்ன பிறகு மூச்சு கொஞ்சம் இலேசாக வந்தது.

கட்டைப் பிரித்த பிறகு கணவன், பெல்ட்டை நானே மாட்டிவிடுகிறேன் என்றான்.

“நீங்க ஊருக்குப் போனப்புறம் மறுபடி அறுந்தா?” என்று கேட்டாள். “நான்தான் மாட்டணும்.”

துருப்பிடித்த போல்ட்டை அவன் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துக் கழற்றிக் கொடுத்தான். மற்றதை அவள் செய்தாள். மெயினை இறக்கிப் பூட்டுப் போட்டாள், சாவியை இடுப்பில் செருகினாள். அப்படியும் சின்னவள் இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“பூட்டுதான் போட்டிருக்கே,” என்றான் கணவன்.

“பூட்டு இருக்கட்டும் மாமா. நானும் இருக்கேன்.”

மோட்டாரை நகர்த்தி, இரண்டு பெல்ட்டையும் புதிதாகவே மாட்டினாள். விரல்கள் புல்லியைத் தொடும்போதெல்லாம் வியர்த்தது. மோட்டாரை இழுத்து முடுக்கிவிட்டுப் பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கல்லாக இருந்தது. இப்படி ஓட்டினால் பேரிங் போய்விடும். போல்ட்டை ஒரு சுற்றுத் தளர்த்தினாள். இப்போது ஒரு விரற்கடை அமுங்கியது. இரண்டு புல்லிகளும் நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தாள். கம்பிவலையை மாட்டினாள். சின்னவளை விலகச் சொல்லிப் பூட்டைத் திறந்தாள்.

“போடவா?” என்று கணவன் கேட்டான்.

“இருங்க.” தெரு வாசல் வரை நடந்து போய் நின்றுகொண்டாள். சின்னவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவளை ஒட்டி வந்து நின்றாள். “ம். போடுங்க.”

சுற்றுவதற்கு முன்னால் மோட்டார் ஒரு கணம் உறுமியது. சின்னவளின் விரல்கள் அவள் முழங்கையில் பதிந்தன. பிறகு புல்லி சுற்றியது. பெல்ட்டுகள் சத்தமில்லாமல் ஓடின.

முதல் மூட்டையைக் கணவன்தான் கொட்டினான். அது அரைபட்டு முடியும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். அடுத்த மூட்டையை அவளே எடுத்தாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு படியாகத் தானியத்தை அள்ளி அள்ளிப் போட்டாள்.