யார் துவைப்பது

"யார்டி அனுப்புனா இதை?"

மாமியாரின் கையில் மருமகளின் ஃபோன் இருந்தது. திரையில் வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் அம்மா ஒருத்தி பாதிப் பேச்சில் வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள். குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, சத்தத்தை அடியோடு குறைத்துத்தான் மருமகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த வீட்டில் மாமியாரின் காதுக்குத் தப்பிய விஷயம் என்று எதுவும் கிடையாது.

"தெருவுல எல்லாருக்கும் வந்துச்சு அத்தை. சும்மா என்னன்னு..."

"சும்மாவா? என் பிள்ளை சோத்துல மண்ணள்ளிப் போடறதுக்குன்னே ஒரு படத்தை எடுத்து வச்சிருக்கானுங்க. அதை நீ கதவைச் சாத்திக்கிட்டுப் பாக்கற."

ஃபோன் மாமியாரின் இடுப்புக்குப் போனது. இரண்டு நாள் திரும்பி வரவில்லை.

அந்தப் படத்தை நினைத்துத் தெருவே பயந்து கிடந்தது. கம்பெனிகளால் காற்றும் தண்ணீரும் என்ன ஆகின்றன என்று ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கிற இரண்டு பேர், இங்கேயிருந்த பேட்டரி கம்பெனியைச் சுற்றியும் பல நாள் அலைந்திருந்தார்கள். புகைபோக்கியை எடுத்தார்கள், பின்பக்கக் கால்வாயை எடுத்தார்கள், கடைசியில் தொழிலாளிகளின் வீடுகளுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டார்கள். மருமகளின் கணவன் அந்தக் கம்பெனியில் ஈயத் தகடு வெட்டுகிறவன். படம் வெளிவந்த மறுநாள் சூப்பர்வைசர் ஆட்களை வரிசையாக நிறுத்தினார். எதற்கெடுத்தாலும் ஊதுவதால் அவருக்கு 'விசில்' என்று பேர். அன்றைக்கு அவர் ஊதவில்லை, சிரித்தார். "படம் ரொம்ப நல்லா இருக்காமே. யார் யாரெல்லாம் பாத்தீங்க?" என்று கேட்டார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு, கட்டின பெண்டாட்டியிடம்கூடப் படத்தைப் பற்றிப் பேச யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மருமகள் பார்த்தது பாதிப் படம்தான். அந்தப் பாதியே அவள் தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது. ஈயத்தூள் ஆண்களின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது என்றாள் டாக்டர் அம்மா. அதை உதறித் துவைக்கிற பெண்ணின் மூச்சில் ஏறி, ரத்தத்தில் கலந்து, வயிற்றிலிருக்கும் பிள்ளைவரைக்கும் போகிறதாம். "இங்கே கரு கலைஞ்ச பெண்களை ராசி இல்லாதவங்கன்னு சொல்றாங்க. முதல்ல வீட்டுக்காரரோட சட்டையைப் பாருங்க" என்று அவள் சொன்னபோதுதான் குளியலறைக் கதவு தட்டப்பட்டது.

மருமகளுக்கு மூன்று முறை கலைந்திருந்தது. மூன்று முறையும் மாமியார் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்: "தங்காத வயிறு." அந்த வார்த்தையை வைத்துக்கொண்டே மகனுக்கு இன்னொரு பெண்ணும் பார்த்துவிட்டாள். மூத்தவளை யாரும் துரத்தப் போவதில்லையாம். அவள்பாட்டுக்கு ஒரு மூலையில் இருந்துகொள்ளலாமாம். எப்பேர்ப்பட்ட தாராள மனசு பாருங்கள். அக்கம்பக்கத்தில் இதை நியாயம் என்றே பேசிக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் அவளுக்கு நாலாவது முறையாக நாள் தள்ளிப் போயிருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ஒரு வாரம் தாங்குவார்கள். கலைந்துபோனால் ஆயுசுக்கும் குத்திக் காட்டுவார்கள். முந்தைய மூன்றும் கலைந்த மாதத்தைத் தாண்டட்டும் என்று பயத்தை மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையாவது பிழைக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறெந்த நினைப்பும் இல்லை.

ஃபோன் பறிபோன அன்று சாயங்காலம் கணவனின் சட்டையை அவள் உதறவில்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, அப்படியே தண்ணீருக்குள் அமுக்கினாள்.

"என்னடி, பிணத்தையா குளிப்பாட்டற?" என்றாள் மாமியார்.

அவள் துணியையும் பையையும் கழற்றிவிட்டு வெறுங்கையால் துவைத்தாள்.

கணவனிடம் மட்டும் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். "ஏங்க, அங்கேயே குளிச்சு, துணி மாத்திக்கிட்டு வர முடியாதா?"

"குளிக்கற ரூம் ஆபீஸருங்களுக்குத்தான்."

"ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே."

"கேட்டா நான் படம் பாத்துட்டேன்னு அர்த்தம். அடுத்த நாள் வேலை இருக்காது."

"அப்ப நீங்களே துவைச்சுக்குங்களேன்."

"ஆம்பளை துணி துவைச்சா அம்மா வீட்டை ரெண்டாக்கிடுவாங்க." அவன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "நான் அந்தப் படத்தைப் பாக்கவே இல்ல," என்றான், அவள் கேட்காத கேள்விக்கு.

அவனுக்கும் பயம்தான் என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை. தனியாக மாட்டிக்கொண்டோம் என்பதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் பெண் வீட்டார் வந்தார்கள். அந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் மட்டும்தான். மூத்தவளின் சம்மதத்தை அவள் வாயாலேயே கேட்க வேண்டும் என்று அந்த மனிதர் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். வறுமை அவரை இவ்வளவு தூரம் இறக்கியிருந்தது. ஆனால் மனசாட்சியைத் துடைத்துப் போட்டுவிடவில்லை.

சமையலறையில் மாமியார் அவள் காதோடு சொன்னாள். "'எனக்குச் சம்மதம்.' அவ்வளவுதான் நீ சொல்லணும். இல்லேன்னா இன்னைக்கே உன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடு."

அண்ணனுக்கு இருந்தது ஒரே ஒரு அறை. அதில் அவன், அண்ணி, நாலு பிள்ளைகள். போன முறை ஒரு வாரம் தங்கியதற்கே அண்ணி முகம் கொடுத்துப் பேசவில்லை.

பள்ளிக்கூடக் களை இன்னும் முகத்தைவிட்டுப் போகாதவள் அந்தப் புதுப் பெண். மாமியார் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். எல்லாரும் பின்னாலேயே போனார்கள். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், கணவனின் சட்டையும் கால்சட்டையும் வாளியில் கிடந்தன. நல்ல பேர் வாங்க நினைத்தாளோ என்னவோ, அந்தப் பெண் குனிந்து வாளியைப் பிடித்தாள்.

"நான் அலசிப் போட்டுடட்டுமா அத்தை?"

மாமியார் பதறிப்போய் அவள் கையைத் தட்டிவிட்டாள். "அதைத் தொடாதம்மா. அவன் கம்பெனித் துணி பக்கமே நீ வரக் கூடாது. பிள்ளை பெத்துக்கப் போற உடம்பு. அதெல்லாம் அக்கா துவைச்சுடுவா. அவளுக்கு இனிமே என்ன?"

மருமகளுக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு நாள் இடுப்பில் இருந்த ஃபோன் சும்மா இருக்கவில்லை. அத்தை படத்தை முழுசாகப் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை விடாமல் நம்பியும் இருக்கிறாள். மூன்று பிள்ளைகளை எது கொண்டுபோனது என்று தெரிந்துகொண்டுதான், இன்று காலையிலும் "தங்காத வயிறு" என்று சொன்னாள். இத்தனை நாளும் அத்தை நம்ப மாட்டாளே என்றுதான் அவள் பயந்தாள். நம்பிய அத்தையைப் பார்க்க அதைவிடப் பயமாக இருந்தது.

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். "சொல்லும்மா. உனக்கு இதுல சம்மதம்தானே?"

கணவன் தரையைப் பார்த்தான். மாமியார் அவளைப் பார்த்தாள்.

"அதை அப்புறம் சொல்றேன்." மருமகள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி, அந்தத் துணியை நீ ஏன் தொடக் கூடாது, நான் மட்டும் ஏன் தொடலாம்னு அத்தையைக் கேளு."

அந்தப் பெண் கள்ளங்கபடம் இல்லாமல் திரும்பிக் கேட்டாள். "ஏன் அத்தை?"

"அழுக்குத் துணிம்மா, அதான்."

"அழுக்குக்கும் பிள்ளை பெத்துக்கறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் பெண்ணின் அப்பா.

மாமியார் சட்டென்று மருமகள் பக்கம் திரும்பினாள். "வாய் பாத்துக்கிட்டு நிக்காத. வாளியை எடுத்துத் துவைடி."

அண்ணன் வீட்டு ஒற்றை அறை அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனாலும் அவள் வாளியைத் தொடவில்லை.

"நானும் பிள்ளை பெத்துக்கப் போற உடம்புதான் அத்தை," என்றாள்.