மாப்பிள்ளை சொன்னபடி செய்தாரா?

ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். எதில் டிக் அடிப்பது என்று தெரியாமல் காலையிலிருந்து எனக்கு மண்டை காய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் கம்பெனி ஃபிரிட்ஜ் விற்கிறது. வாங்கியவர்கள் எழுதும் புகார்களுக்குப் பதில் போடும் பிரிவில் என்னையும் சேர்த்து ஆறு பேர், நான் தலைமை. போன வருஷம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவந்து வைத்தார்கள். “இனிமே நீங்க கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தா போதும், எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்” என்றான் விற்க வந்தவன். அதற்கு நடந்த உபசாரத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை.

பாதிப் புகார் மாப்பிள்ளைக்கு, பாதி எங்களுக்கு. அது எழுதியதை நாங்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்புவோம். திருத்தினால் பதிவு செய்ய வேண்டும். வருஷம் முழுக்கப் பதினோரு திருத்தம்தான் பதிவாகியிருந்தது. இப்போது, அது சொன்னபடி வேலை செய்கிறதா என்று மாலைக்குள் நான் எழுதித் தர வேண்டும். ‘ஆம்’ என்றால் மூன்று பேருக்கு வேலை போகும். முதலில் போவது கடைசியாகச் சேர்ந்த என் நாத்தனார். புருஷன் விட்டுப்போன பிறகு மகளை ஒற்றை ஆளாக வளர்ப்பவள். கண்ணை மூடிக்கொண்டு ‘இல்லை’ என்று அடித்திருக்கலாம். பாழாய்ப்போன மனசாட்சி விட்டால்தானே!

அது எழுதியதில் இருபது, நாங்கள் எழுதியதில் இருபது எடுத்து, யார் எழுதியது என்பதை மறைத்துப் படித்தேன். ஒரு பதிலில் அழுதுவிட்டேன். மனைவியை இழந்த ஒருவர், ஃபிரிட்ஜ் வாரண்டி அவள் பெயரில் இருக்கிறதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். ‘அவர் பெயரிலேயே இருக்கட்டும். எப்போது மாற்றத் தோன்றுகிறதோ அப்போது சொல்லுங்கள், அவசரமே இல்லை’ என்று பதில். மறைப்பை எடுத்துப் பார்த்தால், மாப்பிள்ளை!

நாத்தனாரிடம் தாளைக் காட்டினேன்.

“இது நான் எழுதினது அண்ணி. அது புது ஃபிரிட்ஜுக்குத் தள்ளுபடி இருக்குன்னு எழுதி வெச்சிருந்துச்சு. அனுப்ப மனசு வரலை.”

“அப்போ ஏன்டி பதிவு பண்ணலை?”

“பதிவு பண்ணினா ஏழு கேள்விக்குப் பதில் எழுதணுமே! யாருக்கு நேரம் இருக்கு? எல்லாரும் சத்தமில்லாம மாத்தித்தான் அனுப்புறோம்.”

அப்பாடா என்று பேனாவை எடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவசரப்படாதீங்க. என் பேர்ல இருக்கிற பதில் பாதி அது எழுதிக் குடுத்ததுதான். பொண்ணுக்குக் காய்ச்சல் வந்த மாசம் முழுக்க அதுதான் என்னைக் காப்பாத்துச்சு.”

“கடவுளே! அப்போ அது நல்லா வேலை செய்யுதா, இல்லையா?”

“அதான் அண்ணி எனக்கும் புரியலை.”

மேனேஜரிடம் போய் ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். நம் ஆட்கள் இல்லாவிட்டால் அது தேறாது என்று புரிந்துகொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்தப் பதிலை இரண்டு முறை படித்தார்.

“என்ன அருமையா எழுதியிருக்காங்க! அது எழுதட்டும், இவங்க திருத்தட்டும். இவங்க ஒருத்தரே போதுமேம்மா.”

“மத்த அஞ்சு பேர் சார்?”

“வேற பிரிவுல இடம் இருந்தா பார்க்கலாம்.”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். “அஞ்சு பேர்ல நானுமா சார்?”

“தலைமைன்னா கீழே ஆள் இருக்கணும் இல்லையா?” என்றார், ரொம்பத் தன்மையாக.

வெளியே நாத்தனார் முகம் வெளுத்து நின்றிருந்தாள். “என்ன அண்ணி, என் வேலை போச்சா?”

“இல்லை, இருக்கு.”

அவள் என்னைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். “எனக்குத் தெரியும், நீங்க விட்டுக்கொடுக்க மாட்டீங்கன்னு.”

அவளுக்கு வேலை இருந்ததில் நிஜமாகவே சந்தோஷம். எரிச்சலும் வந்தது, அவள் மேலா, மாப்பிள்ளை மேலா, என் மேலேயா என்றுதான் தெரியவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டே, என் சேதியை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று விழித்துக்கொண்டிருந்தேன்.